நூல் போன்ற கம்பியில் விளக்கு: ஈதர்நெட் கேபிளில் எல்.இ.டி. எரித்த அனுபவம்

மேல்தளக் கூட்ட அறையில் முதல் விளக்கை மாட்டியபோது, எங்கள் கட்டடத்தின் மின்வேலைகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மூத்த மின்பணியாளர் ஏணியின் மேல் நின்றபடியே கேபிளை இரு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு, “நூல் மாதிரி இருக்கிற இந்தக் கம்பியிலா தம்பி விளக்கு எரியப் போகுது?” என்று கேட்டார். எரியும் அண்ணே என்றேன். விளக்கும் எரிந்தது. ஆனால் அவர் கேட்டது எவ்வளவு பொருத்தமான கேள்வி என்பது அடுத்த சில மாதங்களில்தான் எனக்குப் புரிந்தது. எங்களுக்கு நேர்ந்த சிக்கல்களில் பாதி அந்த நூல் போன்ற கம்பியில் தொடங்கியவை. மறுபாதி, சுவரில் இருந்த சுவிட்ச்சின் வேலையை, வலையமைப்புக் கருவிகளை அடுக்கும் ரேக்கில் இருக்கும் சுவிட்ச்சிடம், அதாவது சாதனங்களைக் கேபிள்களால் இணைக்கும் பெட்டியிடம், ஒப்படைத்ததால் வந்தவை.

நான் மின்பொறியாளன் அல்லன். ஒரு சிறிய அலுவலகத்தின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பவன். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துப் புதிதாக அமைக்கவேண்டி வந்தபோது, ஏற்கெனவே கேமராக்களும் வைஃபை பெட்டிகளும் ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் பெற்று இயங்கும் இடத்தில் விளக்குகளையும் ஏன் அப்படியே எரிக்கக் கூடாது என்ற எண்ணம் எழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ‘தி எட்ஜ்’ என்னும் அலுவலகக் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான எல்.இ.டி. விளக்குகளை இவ்வாறு இணைத்திருப்பதைப் பற்றிப் படித்திருந்ததும் ஒரு தூண்டுதல். எங்களுக்குத் தேவைப்பட்டவை வெறும் 22 விளக்குகள். ஆகவே இது எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

விளக்குகளை வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஐந்து மீட்டர் நீளமுள்ள, மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒன்று கையில் இருந்தது. 30 மீட்டர் கேட்-5ஈ வகை ஈதர்நெட் கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் நான்கு இணைக் கம்பிகளில் நீல இணையை நேர்முனைக்கும் பழுப்பு இணையை எதிர்முனைக்கும் பயன்படுத்தி, ஒரு முனையில் 12 வோல்ட் அடாப்டரையும் மறுமுனையில் பட்டையையும் இணைத்தேன். வெளிச்சம் வந்தது, ஆனால் அழுதுகொண்டு வந்தது. மல்டிமீட்டரில் பட்டையின் முனையில் 10.1 வோல்ட் காட்டியது. ஓடிய மின்னோட்டம் 2 ஆம்பியருக்குப் பதிலாக முக்கால் ஆம்பியர்தான். அந்தக் கேபிளில் உள்ள 24 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடக் கம்பி மெலியும்) செம்புக் கம்பியின் விட்டம் அரை மில்லிமீட்டர், மின்தடை 100 மீட்டருக்கு ஏறத்தாழ 8.4 ஓம். இரண்டு கம்பிகள் சேர்ந்து போகும் வழியாகவும் இரண்டு சேர்ந்து திரும்பும் வழியாகவும் வைத்தால், 30 மீட்டருக்குப் போய்த் திரும்பும் மொத்த மின்தடை 2.5 ஓம். 12 வோல்ட்டில் 24 வாட் வேண்டுமென்றால் 2 ஆம்பியர் ஓடவேண்டும். அப்போது கம்பியிலேயே 5 வோல்ட் போய்விடும். அந்த அளவுக்குப் போக முடியாததால்தான் பட்டை தன் பசியைக் குறைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தோடு நின்றுவிட்டது. இதே 24 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் அரை ஆம்பியர் போதும்; கம்பியில் போவது ஒன்றேகால் வோல்ட்டுதான். நெட்வொர்க் கேபிளில் விளக்கெரிப்பதன் அடிப்படை முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் மின்னோட்டம் நான்கில் ஒன்றாகிறது. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் பதினாறில் ஒன்றாகிறது.

இந்தக் கணக்கைத்தான், மின், மின்னணுத் துறைத் தரங்களை வகுக்கும் ஐ.இ.இ.இ. அமைப்பு ஈதர்நெட்டுக்கான 802.3 தரங்களில் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. 2003-இல் வந்த ‘ஏ.எஃப்.’ தரத்தில் சுவிட்ச்சின் போர்ட் (கேபிளைச் செருகும் துளை) 15.4 வாட் தரும்; 100 மீட்டர் கடந்து சாதனத்துக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-இல் வந்த ‘ஏ.டி.’ தரத்தில் 30 வாட் கொடுத்து 25.5 வாட் பெறலாம். 2018-இல் வந்த ‘பி.டி.’ தரம் கேபிளின் நான்கு இணைகளையும் மின்சாரத்துக்குப் பயன்படுத்தி 60 வாட்டுக்கு 51 வாட்டும், 90 வாட்டுக்கு 71.3 வாட்டும் தருகிறது. 90 வாட்டை 52 வோல்ட்டில் அனுப்பும்போது 1.73 ஆம்பியர் ஓடுகிறது. 100 மீட்டருக்குத் தரம் அனுமதிக்கும் 6.25 ஓம் மின்தடையில் அது 18.7 வாட்டைத் தின்றுவிடுகிறது. கழித்துப் பாருங்கள், அந்த 71.3 அப்படியே வரும். விற்பனைத் தாளில் ‘90 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் விளக்கின் கணக்கைச் சிறிய எண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும். நான் ‘ஏ.டி.’ தரத்தைத் தேர்ந்தெடுத்து, 20 வாட் இழுக்கும் விளக்குகளை வாங்கினேன். அலுவலக மேசைகளுக்கு அந்த வெளிச்சம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தரத்துக்கு உட்பட்ட சுவிட்ச், கேபிளைச் செருகியவுடன் 48 வோல்ட்டைத் தள்ளிவிடாது. முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவான சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, எதிர்முனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை தென்படுகிறதா என்று தொட்டுப் பார்க்கும். தென்பட்டால் சற்றே உயர்ந்த மின்னழுத்தத்தில் அந்தச் சாதனம் எந்த வகுப்பைச் சேர்ந்தது, அதாவது எவ்வளவு வாட் வரை கேட்கும், என்று கேட்டறியும். அதன் பிறகே முழு மின்சாரத்தைத் திறக்கும். கேபிளில் மின்சாரத்தைச் சேர்ப்பதற்காகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ‘பாஸிவ்’ இன்ஜெக்டர்களுக்கு இந்த விசாரணை எதுவும் கிடையாது. எதிரே விளக்கு இருந்தாலும் மடிக்கணினி இருந்தாலும் அவை தள்ளிக்கொண்டே இருக்கும். என் சோதனைமேசையில் இருந்த ஒரு பழைய ரவுட்டர் அப்படித்தான் உயிரைவிட்டது. அன்றோடு அந்த இன்ஜெக்டரை அலுவலகத்துக்குள் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்தேன்.

விளக்குகள் வந்தன. 24 போர்ட்டுகளும் 370 வாட் மொத்தத் திறனும் கொண்ட சுவிட்ச் ஒன்று ரேக்கில் தயாராக இருந்தது. மேல்தளத்தின் 16 விளக்குகளுக்கு 16 இருபதுகள் 320 வாட். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கேபிளாகச் செருகிக்கொண்டு வந்தேன். 12 விளக்குகள் எரிந்தன, பதின்மூன்றாவது எரியவில்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், விளக்கையே மாற்றினேன். கடைசியில் எரிந்துகொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கியதும் பதின்மூன்றாவது எரிந்தபோதுதான் விஷயம் உறைத்தது. என் விளக்கு இழுப்பது 20 வாட்டாக இருந்தாலும், வகுப்பு கேட்கும்போது அது சொல்வது 12.95 வாட்டுக்கு மேல், அதாவது நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்பு என்றதும் சுவிட்ச் அதற்காக 30 வாட்டை ஒதுக்கிவைத்துவிடுகிறது. 370-ஐ முப்பதால் வகுத்தால் 12 விளக்குகள்தான். திருமண வீட்டில் இரண்டு பேர் வந்து நான்கு இலைகளுக்கு இடம் பிடித்துவைப்பதைப் போன்ற நிலை. விளக்கின் டிரைவரில் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சுற்றில்) எல்.எல்.டி.பி. என்னும் நெறிமுறையை இயக்கியதும், அது தனக்கு வேண்டிய வாட்டைத் துல்லியமாகச் சொல்லத் தொடங்கி, மீதி நான்கும் எரிந்தன. வாங்கும் விளக்கு எல்.எல்.டி.பி. பேசுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தப் பிற்பகல் மிஞ்சியிருக்கும்.

அடுத்த தொல்லை நடைபாதையில் வந்தது. அங்கே பழைய கேபிள் ஒன்று ஏற்கெனவே இழுத்துக் கிடந்ததால், வீணாக்குவானேன் என்று அதையே பயன்படுத்தினேன். விளக்கு எரிந்தது, ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது தொடர்பு அறுந்து திரும்ப வந்தது. ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பலகையான பேட்ச் பேனலில் மறுபடி பதித்தபோது கம்பி பொட்டென்று ஒடிந்து கையோடு வந்தது. செம்பு அவ்வளவு எளிதில் ஒடிவதில்லை. பிளேடால் மேற்பரப்பைச் சுரண்டினேன். செந்நிறத்துக்கு அடியில் வெள்ளி போல் மின்னியது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி அது. கேபிளின் மறுமுனையில் ஓர் இணையின் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு இந்த முனையில் அளந்தேன். 60 மீட்டருக்கு 16 ஓம் காட்டியது. அசல் செம்பாக இருந்தால் 10 ஓம்தான் இருக்கவேண்டும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எவரும் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. 24 ஏ.டபிள்யூ.ஜி. செம்பு இணையைப் போய்த் திரும்ப அளந்தால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 17 ஓம் வரவேண்டும். அதைவிட மிகக் கூடுதலாக வந்தால் கேபிளின் மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் நம்பவேண்டாம். இழப்பு என்று பார்த்தால் என் 20 வாட் விளக்குக்கு முக்கால் வாட் போகவேண்டிய இடத்தில் ஒன்றேகால் வாட் போனது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பி பதிக்கும் இடத்தில் ஒடிகிறது, ஈதர்நெட் கேபிளுக்கான எந்தத் தரத்துக்கும் உட்படுவதில்லை, அதிக வாட்டுகளில் கட்டாகக் கிடக்கும்போது கூடுதலாகச் சூடேறுகிறது. மொத்தமாக உருவி எறிந்துவிட்டு, 0.57 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட 23 ஏ.டபிள்யூ.ஜி. செம்புள்ள கேட்-6 கேபிளை இழுத்தோம்.

சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரவு மட்டும் ஓடும் கேபிள் குளிர்ந்தே இருக்கும். ஆகவே அதை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் யாரும் கவலைப்படுவதில்லை. மின்சாரமும் ஓடும் கேபிள்களைக் கட்டாகக் கட்டினால், நடுவில் மாட்டிக்கொண்ட கேபிளின் வெப்பம் வெளியேற வழியில்லை. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயர்வதால் சூடு மேலும் சூட்டை வளர்க்கிறது. சாதாரண நெட்வொர்க் கேபிளின் உறை 60 பாகை வரைதான் தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கோடையில் என்ன வெப்பநிலை நிலவும் என்பதை ஒருமுறை தலையை உள்ளே விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டொன்றுக்கு 24 கேபிளுக்கு மேல் போகவேண்டாம் என்பது துறையின் பொதுப் பரிந்துரை. நான் 12-ஓடு நிறுத்திக்கொண்டேன். இறுக்கும் நைலான் பட்டைகளைத் தவிர்த்து, ஒட்டிப் பிரிக்கும் பட்டைகளால் தளர்வாகக் கட்டினேன். ரேக்கில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வாங்கியிருந்த மெல்லிய 28 ஏ.டபிள்யூ.ஜி. பேட்ச் கார்டுகளையும் (குட்டையான இணைப்புக் கேபிள்களையும்) விளக்குப் போர்ட்டுகளிலிருந்து அகற்றினேன். அவற்றின் மின்தடை வழக்கமான கேபிளைப் போல இரண்டரை மடங்கு.

இனி, என்னை மிக நீண்ட நாள் அலைக்கழித்த சிக்கலுக்கு வருகிறேன். வரவேற்பறையின் விளக்கை இரவில் 1 விழுக்காடு வெளிச்சத்தில் வைத்திருக்குமாறு அமைத்திருந்தேன். சில இரவுகளுக்குப் பிறகு காவலர், அந்த விளக்கு ‘கண்ணடிக்கிறது’ என்றார். இரவில் போய் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு திடீரென முழு வெளிச்சத்தில் எரிந்தது. இரண்டு நொடியில் மங்கி 1 விழுக்காட்டுக்கு இறங்கியது. அடுத்த நொடியே முற்றிலும் அணைந்தது. சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் முழு வெளிச்சம். விடியும்வரை இதே ஆட்டம். டிரைவர் பழுதென்று நினைத்து, அதே விளக்கை என் சோதனைமேசையில் இருந்த வேறொரு சுவிட்ச்சில் மாட்டினால் இரவெல்லாம் அமைதியாக எரிந்தது. விளக்கும் நல்ல விளக்கு, சுவிட்ச்சும் நல்ல சுவிட்ச், இரண்டும் சேர்ந்தால் மட்டும் சண்டை.

சுவிட்ச்சின் திரையில் அந்தப் போர்ட்டின் மின்நுகர்வைப் பார்த்தபோது, மங்கிய நிலையில் 0.4 வாட் என்று காட்டியது. 54 வோல்ட்டில் அது 7.4 மில்லிஆம்பியர். விடை அந்த எண்ணில்தான் இருந்தது. கேபிளின் மறுமுனையில் சாதனம் இன்னும் இருக்கிறதா என்பதைச் சுவிட்ச் ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். சாதனத்தைப் பிடுங்கிவிட்ட பிறகும் கேபிளில் மின்சாரம் நிற்கக் கூடாது என்பதற்காக. பழைய இரண்டு தரங்களின்படி, ஓடும் மின்னோட்டம் 5 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் சுவிட்ச் துண்டித்தே ஆகவேண்டும். 10-க்கு மேல் இருந்தால் துண்டிக்கக் கூடாது. இடைப்பட்ட நிலத்தில் துண்டிப்பதும் விடுவதும் அந்தந்தத் தயாரிப்பாளரின் விருப்பம். என் விளக்கு சரியாக அந்த இடைப்பட்ட நிலத்தில் போய் நின்றுகொண்டது. ஒரு சுவிட்ச் பொறுத்துக்கொண்டது. மற்றொன்று, ஆள் போய்விட்டார் என்று கதவைச் சாத்தியது. கதவைச் சாத்தியதும் மறுபடி 25 கிலோ ஓம் விசாரணை, மறுபடி வகுப்புக் கேள்வி, மறுபடி முழு மின்சாரம், டிரைவர் விழித்தெழுந்து முழு வெளிச்சம், மறுபடி மங்கல்.

அப்படியானால் விளக்கை முழுதாக அணைத்தபோது ஏன் இந்தத் தொல்லை வரவில்லை என்று நான் குழம்பினேன். அணைந்த நிலையில் டிரைவர், ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்வதற்காக ஒவ்வொரு 325 மில்லிநொடியிலும் 75 மில்லிநொடி மட்டும் 10 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்துக் காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எல்.இ.டி. இழுக்கும் மின்னோட்டமே போதும் என்று எண்ணி அந்தத் துடிப்பை நிறுத்திவிடும். 1 விழுக்காட்டில் எல்.இ.டி. இழுப்பது போதாது என்பதை டிரைவருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பிற்பாடு வந்த புதுப்பிப்பில் அது சரிசெய்யப்பட்டது. அதுவரை நான் செய்தது, மிகக் குறைந்த வெளிச்சத்தை 3 விழுக்காடாக உயர்த்தியதுதான். மின்னோட்டம் 15 மில்லிஆம்பியர் ஆனதும் சண்டை ஓய்ந்தது. இத்தகைய விளக்கை வாங்குபவர், கடைசிப் படிவரை மங்கவைத்து அரைமணி நேரம் தம் சொந்தச் சுவிட்ச்சில் எரியவிட்டுப் பார்க்காமல் மொத்தமாக வாங்கவேண்டாம்.

சுவிட்ச் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மின்பணியாளருக்குச் சுவிட்ச் என்றால் சுவரில் இருப்பது. எனக்கு ரேக்கில் இருப்பது. ஒருநாள் நடைபாதை விளக்கொன்றைக் கழற்றுவதற்கு முன், “சுவிட்ச்சை அணைச்சிருங்க அண்ணே” என்று தொலைபேசியில் சொன்னேன். சுவரில் தேடியிருக்கிறார், இல்லை. நேராக ரேக்குக்குப் போய், சுவிட்ச் என்று என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்த பெட்டியின் மின்செருகியை உருவிவிட்டார். அதில் இணைத்திருந்த விளக்குகளும் அவற்றோடு கேமராக்களும் ஒருசேர அணைந்தன. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் ரேக்கில் இருப்பதற்குப் ‘பெட்டி’ என்றே பெயர்.

அதே பெட்டியை நானும் ஒருமுறை அணைத்தேன், இன்னும் மோசமான நேரத்தில். மாலை ஏழு மணிக்கு மேல் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எண்ணி அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். பெட்டி தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும் நான்கு நிமிடங்களும் தளம் முழுவதும் இருண்டது. ஜன்னலே இல்லாத ஆவண அறையில் ஒருவர் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், “சார், கரண்ட் போயிடுச்சா?” என்ற குரல் இருட்டிலிருந்து வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கணினிகள் எரிந்துகொண்டிருந்தன, விளக்குகள் மட்டும் இல்லை. அதுவரை வலையமைப்பு நான்கு நிமிடம் நின்றால் யாரோ ஒருவர் மின்னஞ்சல் போகவில்லை என்று அலுத்துக்கொள்வார். இப்போது அதே நான்கு நிமிடத்தில் ஒருவர் இருட்டில் ஏணியின் மேல் நிற்கக்கூடும்.

அடுத்த வாரமே அதே அளவுள்ள இரண்டாவது பெட்டியை வாங்கி, அடுத்தடுத்த விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பெட்டிகளுக்கும் பிரித்தேன். ஒன்று நின்றாலும் எந்த அறையும் முழு இருட்டில் ஆழாது. பெட்டிக்கு 11 விளக்குகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் 30 வாட் ஒதுக்கினாலும் 330 வாட்டோடு முடிந்துவிடுகிறது, எல்.எல்.டி.பி. பேசாத விளக்கை நாளை மாட்ட நேர்ந்தாலும் கவலையில்லை. புதிய பெட்டியை, மறுதொடக்கத்தின்போதும் போர்ட்டுகளின் மின்சாரத்தை விடாமல் வைத்திருக்கும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கினேன். வலையமைப்பிலிருந்து எந்தக் கட்டளையும் வராவிட்டால் எரிந்தே இருக்கவேண்டும் என்று விளக்குகளின் தொடக்க நிலையையும் மாற்றினேன். ஆவண அறை, மாடிப்படி, வெளியேறும் வழி ஆகிய இடங்களில், தமக்கென்று பேட்டரி உள்ள அவசர விளக்குகளை வழக்கமான மின்னிணைப்பிலேயே வைத்தோம். இந்த ஒன்றில் மட்டும் எவர் எந்த வசதியைக் காட்டிப் பேசினாலும் நான் இணங்கமாட்டேன்.

விளக்கை இயக்கும் முறையைப் பற்றியும் முதலில் தவறாகத்தான் முடிவெடுத்திருந்தேன். மின்சாரம் எப்படி வரவேண்டும் என்பதற்கு ஐ.இ.இ.இ. தரம் உண்டு, ‘எரி’, ‘மங்கு’ என்று விளக்கிடம் எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு அத்தகைய ஒற்றைத் தரம் இல்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மொழி மாறுகிறது. மாதிரிக்கு வாங்கிய முதல் இரண்டு விளக்குகள், தம் தயாரிப்பாளரின் இணையச் சேவையகத்தைக் கேட்காமல் எரியவே மாட்டா. இணையத் தொடர்பு போனால் கூட்ட அறையில் விளக்கு போடமுடியாது என்பதை மேலாளரிடம் என்ன முகத்தோடு சொல்வது? அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்குள்ளேயே எம்.க்யூ.டி.டி. என்னும் செய்தி நெறிமுறையில் பேசும் டிரைவர்களைத் தேடிப் பிடித்தேன். கைப்பேசியில் இயக்கினால் போதும் என்றிருந்த எண்ணமும் ஒரு வாரத்துக்குமேல் நிலைக்கவில்லை. அறைக்குள் நுழைபவரின் கை தானாகவே கதவோரச் சுவரைத் தடவுகிறது. அங்கே ஒரு பொத்தான் இருந்தே தீரவேண்டும்.

வேறு சில சிறு பாடங்களும் உண்டு. மின்சாரம் ஓடும்போது கேபிள் முனையிலுள்ள ஆர்.ஜே.45 செருகியைப் பிடுங்கினால் தொடுமுனையில் நுண்ணிய தீப்பொறி எழும். அடிக்கடி அப்படிப் பிடுங்கிய ஒரு செருகியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பொன்முலாம் பூசிய இதழ்களில் மிளகைப் பொடித்துத் தூவியது போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தன. நல்ல செருகிகளில் பொறி எழும் இடமும் நிலையாகத் தொட்டிருக்கும் இடமும் விலகி இருக்குமாறு வடிவமைத்திருப்பார்கள் என்றாலும், முதலில் மென்பொருளில் அந்தப் போர்ட்டை அணைத்துவிட்டுப் பிடுங்குவதையே பழக்கமாக்கிக்கொண்டேன். கூரையில் விளக்குக்குப் போகும் ஒவ்வொரு கேபிளும் வலையமைப்புக்குள் நுழையும் ஒரு திறந்த வாசல் என்பதால், விளக்குகளுக்கென்று தனி வி.எல்.ஏ.என். (வலையமைப்புக்குள்ளேயே தடுத்து வைத்த தனிப் பகுதி) பிரித்து, அங்கிருந்து கணக்குக் கணினிகளுக்கு வழியில்லாமல் அடைத்தேன். வாசல் கதவின் வெளிவிளக்கை மட்டும் இந்த அமைப்பில் சேர்க்கவில்லை. திறந்தவெளியில் ஓடும் செம்புக் கேபிள் மின்னலின் மின்னதிர்வை நேராகப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு விளக்குக்காக 22 விளக்குகளையும் பணயம் வைப்பது மதியீனம்.

மின்சாரம் மிச்சமானதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேபிளில் விளக்கெரிப்பதால் மட்டும் எதுவும் மிச்சமாவதில்லை என்பதே நேர்மையான பதில். பெட்டியின் மின்வழங்கியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகிறது. கேபிளில் இரண்டு மூன்று விழுக்காடு போகிறது. டிரைவரில் ஐந்து விழுக்காடு அளவுக்குப் போகிறது. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் நேரடி மின்னிணைப்பில் எரியும் நல்ல எல்.இ.டி. விளக்கை மிஞ்சவில்லை. அதோடு, விளக்குகள் அனைத்தும் அணைந்திருக்கும்போதும் இரண்டு பெட்டிகளும் 22 டிரைவர்களும் சேர்ந்து 60 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதை மீட்டரில் பார்த்தேன். ஆளில்லாத பதினான்கு மணி நேரத்துக்கு அது 840 வாட்-மணி. எல்லா விளக்குகளையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரிப்பதற்குச் சமம். பெட்டிகள் கேமராக்களுக்காகவும் வைஃபைக்காகவும் எப்படியும் இயங்கவேண்டியவை என்பதால் அந்தப் பழியை முழுவதும் விளக்குகளின் மேல் போடமுடியாது. மிச்சம் உண்மையில் வந்தது ஆளுணரிகளாலும் ஜன்னலோர விளக்குகள் பகலொளிக்கேற்ப மங்குவதாலும்தான். அந்த உணரிகள் விளக்கின் அதே கேபிளில் மின்சாரமும் தரவும் பெற்றுக்கொண்டன. தனிக் கம்பி இழுக்கவேண்டியிருந்தால் நாங்கள் அவற்றை வைத்திருக்கவே மாட்டோம். மற்றொரு நன்மை, இரண்டு பெட்டிகளையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்ததும் 22 விளக்குகளுக்கும் மின்வெட்டின்போது துணைமின்சாரம் கிடைத்துவிட்டது. மின்வெட்டு நேரத்தில் எல்லாவற்றையும் தானாகவே 30 விழுக்காட்டுக்கு இறக்கிவிடுகிறேன்.

இப்போது கீழ்த்தளத்தின் முறை. மின்பணியாளர் கேபிள் சுருளைத் தூக்கிப் பார்த்து, கனம் போதாதென்று ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்; சுரண்டிப் பார்த்தபோது அதுவும் அலுமினியமாகவே இருந்தது. கழிப்பறைகளையும் மாடிப்படியையும் பழைய மின்னிணைப்பிலேயே விட்டுவிடலாம் என்றார். அந்த இடங்களில் உணரிக்கும் வேலையில்லை, மங்கலுக்கும் வேலையில்லை. நானும் வரைபடத்திலிருந்து அந்த ஆறு விளக்குகளை அடித்துவிட்டேன்.